1991-இல் கட்டிய வீட்டைப் புதுப்பிக்க 12 லட்சம் போதுமா?

திருச்சியில் உங்கள் தந்தையார் 1991-இல் கட்டிய, 30-க்கு 35 அடி அளவுள்ள தரைத்தள வீட்டைப் புதுப்பிக்கச் சதுர அடிக்கு என்ன செலவாகும் என்றும், மூன்று ஒப்பந்ததாரர்கள் சொன்ன 7.5 லட்சம், 11 லட்சம், 16 லட்சம் ஆகியவற்றில் எது நியாயமான தொகை என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாடி ஒழுகுவதையும், ஓர் அறையின் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதையும், இரண்டு குளியலறைகள், மொசைக் தரை, வயரிங், பெயிண்ட், சமையலறை என்று செய்ய நினைக்கும் வேலைகளையும் குறிப்பிட்டுவிட்டு, கடைசி வரியில்தான் கையிருப்பு 12 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்: இந்தப் பணத்துக்குள் வீடு குடியிருக்கத் தக்கதாக முடியுமா, அல்லது எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டுப் பாதியில் நிற்க நேருமா? நான் கட்டடப் பொறியாளர். புதிய வீடுகளுக்கு மதிப்பீடு போடுவதைவிடப் பழைய வீடுகளுக்குப் போடுவதில்தான் அதிக ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. உங்கள் வீட்டை நேரில் பார்க்காமல் தொகையை இவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனால் தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த இடத்தில் அது உங்களைக் கைவிடும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் சதுர அடிக் கணக்கை விட்டுவிடுங்கள். புதிய வீட்டில் ஒவ்வொரு சதுர அடிக்கும் அடித்தளம், சுவர், கூரை, தரை, பூச்சு என்று எல்லாமே ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வருவதால் அங்கே அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஆல்ட்ரேஷன் வேலையில் அப்படியில்லை. செலவு தரைப் பரப்பைத் தொடர்ந்து போவதில்லை, தொடப்படும் பரப்புகளைத் தொடர்ந்து போகிறது. உங்கள் வீட்டின் சுற்றளவு 130 அடி. வெளித்தரையிலிருந்து கைப்பிடிச் சுவரின் உச்சிவரை 15 அடி என்று வைத்தால் வெளிச்சுவர் மட்டும் 1,950 சதுர அடி. கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் 3 அடி உயரத்துக்கு இன்னொரு 390. உள்ளே, சுவர்களின் கனத்தைக் கழித்துவிட்டால் புழங்கும் பரப்பு 850 சதுர அடி அளவில் இருக்கும். சுவரும் கூரையும் சேர்ந்து பெயிண்ட் அடிக்க வேண்டிய பரப்பு அதைப் போல மூன்று முதல் மூன்றரை மடங்கு என்பது எங்கள் தொழிலில் நெடுநாளாகப் பயன்படும் உத்தேசக் கணக்கு. ஆக, 1,050 சதுர அடி வீட்டில் பெயிண்டர் கைபடும் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர அடி.

குளியலறையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 5-க்கு 7 அடிக் குளியலறையின் தரை 35 சதுர அடிதான். நான்கு சுவர்களுக்கும் 7 அடி உயரம் டைல்ஸ் ஒட்டினால் 168 சதுர அடி. இரண்டரை அடிக் கதவைக் கழித்தால் 150. தரையையும் சேர்த்தால் ஓர் அறைக்கு 185 சதுர அடி, இரண்டு அறைகளுக்கு 370. வீட்டின் மொத்தத் தரைப் பரப்பான 850 சதுர அடியோடு ஒப்பிட்டால், மூலையில் கிடக்கும் இரண்டு சிறிய அறைகள் அதில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் டைல்ஸ் கேட்கின்றன. உடைக்கும் கூலி, புதைகுழாய், நீர்த்தடுப்பு, பீங்கான் சாமான்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. குளியலறைச் செலவைக் கேட்டதும் பலர் தங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பது இந்தக் கணக்கு மனத்தில் இல்லாததால்தான்.

அடுத்து அந்த மூன்று தொகைகள். நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தால் அவை ஒரே வேலைக்கான மூன்று விலைகளாகத் தெரியவில்லை. மூன்று வெவ்வேறு வேலைகளின் விலைகள். 7.5 லட்சம் சொன்னவர் டைல்ஸ், பீங்கான் சாமான், சுவிட்ச், விளக்கு எல்லாம் ‘பார்ட்டி வாங்கித் தரணும்’ என்று எழுதியிருக்கிறார். கூரைக் கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 11 லட்சம் சொன்னவர் சரக்கோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார், ஆனால் ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று அடியில் ஒரு வரி இருக்கிறது. பழுதுபார்ப்பு ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் அது 1.98 லட்சம், அப்போது அவருடைய தொகை 12.98 லட்சமாகி உங்கள் கையிருப்பைத் தாண்டிவிடுகிறது. 16 லட்சத்தில் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், ஓர் அறைக்கு அலமாரி எல்லாம் உள்ளடங்கியிருக்கின்றன. இவர்களில் ஒருவரை நேர்மையானவர் என்றும் மற்றவரைக் கொள்ளைக்காரர் என்றும் சொல்ல இந்தக் காகிதங்கள் போதா. ஜி.எஸ்.டி. பற்றி ஒரு குறிப்பு: சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழ் உள்ள சிறு ஒப்பந்ததாரர் பதிவு செய்யாமல் இருக்கலாம், அவர் உங்களிடம் வரி என்று தனியாக வசூலிக்க முடியாது. பதிவு எண் அச்சிட்ட பில் இல்லாமல் 18 சதவீதம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஒப்பிட வேண்டுமானால் அளவுப் பட்டியலை நீங்களே தயாரித்து மூவருக்கும் ஒரே தாளைக் கொடுக்க வேண்டும். இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. ஒரு டேப், ஒரு நோட்டு, கூட ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அறை அறையாகப் போய், தரையைச் சதுர அடியிலும், சுவரின் அடியோர டைல்ஸ் வரிசையான ஸ்கர்ட்டிங்கையும் குழாயையும் நீளத்தை மட்டும் கணக்கிடும் ஓட்ட அடியிலும், கதவு, ஜன்னல், மின் பாயிண்டுகளை எண்ணிக்கையிலும் குறியுங்கள். உடைப்பது ஓர் உருப்படி, கழிவை அகற்றுவது இன்னோர் உருப்படி, புதிதாகச் செய்வது மூன்றாவது உருப்படி என்று தனித்தனியாக எழுதுங்கள். ‘பாத்ரூம் ரெனவேஷன் - 1’ என்று ஒரே வரியில் எழுதப்பட்ட பட்டியல்தான் பின்னால் சண்டையாக மாறுகிறது. ஒவ்வொரு வரியிலும் எதைச் செய்வது என்று முழுதாக எழுதும் முறையைத் தெரிந்துகொள்ளத் தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியலையோ, மத்தியப் பொதுப்பணித் துறையின் டெல்லி விலைப்பட்டியலையோ ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அவற்றின் விலைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசு வேலையில் அளவு பெரியது. உங்கள் வீட்டில் தச்சருக்கு அரைநாள் வேலைதான் இருக்கும், ஆனால் முழுநாள் கூலி கொடுத்தாக வேண்டும். சின்ன வேலைகளின் விலை இந்தக் காரணத்தாலேயே எப்போதும் பட்டியலைவிடக் கூடும். வேலையின் வருணனைக்கும் அலகுக்கும் அந்தப் பட்டியல்களை நம்பலாம். விலைக்கு உங்கள் ஊர்க் கடைத்தெருவையும், அண்மையில் வேலை செய்த அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் பில்களையும் நம்புங்கள்.

இப்படித் தயாரித்த பட்டியலில் எல்லா வரிகளும் ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. பெயிண்ட், தரை டைல்ஸ், கதவு, விளக்கு போன்றவை கண்ணுக்குத் தெரிபவை. அளந்தால் அளவு மாறாது, ஐந்து முதல் பத்து சதவீதத்துக்குள் மதிப்பீடு நிற்கும். புதைந்த குழாய், புதைந்த வயர், குளியலறைத் தரைக்குக் கீழுள்ள நிரப்பு, மாடியில் தளத்தின் மேல் போட்டிருக்கும் சுருக்கிப் படலத்துக்கு அடியில் உள்ள தளம், காரைக்குள் உள்ள கம்பி ஆகியவை உடைத்த பிறகுதான் தெரியும். இவற்றில் மதிப்பீடு ஒன்றரை மடங்காவதை அடிக்கடி பார்க்கிறோம், இரண்டு மடங்காவதும் உண்டு. மொத்தத் தொகையின் மேல் பொதுவாகப் பத்து சதவீதம் ‘எதிர்பாராச் செலவு’ என்று சேர்ப்பது வழக்கம். எனக்கு அந்த வழக்கத்தில் உடன்பாடில்லை. பெயிண்டுக்கு ஐந்து, டைல்ஸுக்குப் பத்து, குளியலறைகளுக்கு இருபத்தைந்து, கூரைப் பழுதுக்கு ஐம்பது என்று வரிக்கு வரி ஒதுக்கினால், எந்த வேலை உங்களைத் தூக்கிப் போடும் என்பது தொடங்கும் முன்பே தாளில் தெரிந்துவிடும். இந்த விகிதங்கள் என் அனுபவக் கணிப்பு. உங்கள் வீட்டைப் பார்க்கும் பொறியாளர் வேறாகச் சொன்னால் அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் தூக்கிப் போடக்கூடியது அந்தக் கூரைக் கம்பிதான் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1991-இல் நடைமுறையில் இருந்தது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456-இன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு, அதன்படி கூரைத் தளத்தில் கம்பிக்குக் கீழே 15 மி.மீ. கான்கிரீட் மூடல் இருந்தால் போதும். 2000-இல் வந்த திருத்தப் பதிப்பு, பாதிப்பு மிகக் குறைந்த சூழலுக்கே பொதுவாக 20 மி.மீ. கேட்கிறது. அந்தப் 15 மி.மீ.கூடப் பல வீடுகளில் கிடைக்கவில்லை. கம்பியைச் சரியான உயரத்தில் தாங்கும் கவர் பிளாக் வைக்காமல், கம்பிக்கு அடியில் ஜல்லியைச் செருகிவிட்டுக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்காண்டு உள்ளே ஊடுருவிக் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கிறது. அது கம்பியை எட்டியதும், மேலிருந்து ஒழுகும் ஈரமும் சேர்ந்து துரு தொடங்குகிறது. துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் காரை பிளந்து விழுகிறது. ஆகவே விழுந்த இடத்தைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டால் பூசினால் ஓரிரு ஆண்டுகளில் அது மறுபடி விழும். பூச்சுக்குப் பின்னால் துரு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். இது எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். சரியான முறை, கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை நைந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பிணைப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்புவது.

எவ்வளவு பரப்புக்கு இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் சந்தேகத்துக்குரியது. விழுந்த இடம் 4 சதுர அடியாக இருக்கலாம். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் ‘டொப்’ என்று பொள்ளலாக ஒலிக்கும் பரப்பு 60 சதுர அடியாக இருக்கலாம். அதைத் தட்டிப் பார்த்துச் சாக்பீஸால் வட்டமிடுவதற்கு ஒரு சாரமும் அரை நாளும்தான் வேண்டும். புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும், இழந்த பகுதி நிறம் மாறாமல் இருக்கும்; எந்த ஆழம்வரை கெட்டிருக்கிறது என்பது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கம்பியின் விட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 8 மி.மீ. கம்பி துருவில் மெலிந்து 7 மி.மீ. ஆகியிருந்தால் பார்வைக்கு அது சிறிய மாற்றம். ஆனால் சுமை தாங்கும் வெட்டுப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. அந்த நிலையில் அது பூச்சு வேலை என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. கூடுதல் கம்பி வைக்க வேண்டுமா, உத்தரம் கொடுக்க வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுத்தில் தர வேண்டும். மேஸ்திரியின் அனுபவத்தை நான் பெரிதும் மதிக்கிறேன், ஆனால் இந்த முடிவை அவரிடம் விடக்கூடாது.

மாடியின் ஒழுகலும் இதோடு சேர்ந்ததுதான். உங்கள் மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியும், அதன் மேல் தட்டோடும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒழுகல் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால், தட்டோட்டு இணைப்புகளைக் கீறித் திரும்ப அடைப்பது, மழைநீர்க் குழாய் வாயைச் சரிசெய்வது, கைப்பிடிச் சுவர் தளத்தைச் சந்திக்கும் மூலையைச் சீராக்குவது ஆகியவற்றோடு முடிந்துவிடலாம். சுருக்கி முழுவதும் உளுத்திருந்தால் அதை எடுத்தாக வேண்டும். அப்போது 1,050 சதுர அடிக்குச் சராசரி 4 அங்குலக் கனம் என்றால் 350 கன அடி, எடையில் சுமார் 18 டன். உடைத்ததும் அது பொதபொதவென்று பெருகி ஐந்து யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) அளவுக்கு வரும். அவ்வளவையும் ஆள் வைத்துக் கீழே இறக்கி, வண்டி பிடித்து அனுப்ப வேண்டும். இந்தச் செலவுக்குப் பயந்து, பழையதை எடுக்காமலே அதன் மேல் இன்னொரு சுருக்கி போடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த தளத்தின் மேல் இன்னொரு 18 டன்னை ஏற்றச் சொல்கிறார்கள் என்று பொருள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வயரிங்கைப் பொறுத்தவரை நான் தயங்காமல் முழுவதும் மாற்றச் சொல்வேன், ஏனென்றால் சுவரை உடைக்கும் இந்தச் சந்தர்ப்பம் தவறினால் பெயிண்ட் அடித்த சுவரை மறுபடி வெட்ட நேரும். எலக்ட்ரீஷியன் பாயிண்ட் கணக்கில்தான் விலை சொல்வார். ஆகவே எண்ணிக்கையை நீங்கள் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். 1991-இல் ஓர் அறைக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு பிளக் என்று இருந்தது இன்று இரண்டு மூன்று மடங்காகியிருக்கிறது. வழக்கமாக விளக்குகளுக்கு 1.5, பவர் பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. வயர் என்பதைத் தாளில் குறிப்பிடுங்கள். எர்த் கம்பியும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள். சுவருக்குள் உள்ள ஜி.ஐ. இரும்புக் குழாய்களையும் அப்படியே முழுதாக எடுத்துவிடுங்கள், புதிய சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயைப் பழைய இரும்புக் குழாயோடு சுவருக்குள்ளேயே இணைப்பது, கசிவுக்கு நாள் குறித்து வைப்பதாகும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் 12 லட்சத்தைப் பார்ப்போம். பட்டியலில் வரிக்கு வரி எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதைச் சராசரியாக எடுத்தால், உங்களுடையது போன்ற வீட்டுக்கு இருபது சதவீதம், அதாவது 2.4 லட்சம், தொடாமல் நிற்க வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் வேறு வீட்டு வாடகை, சாமான் ஏற்றி இறக்குவது, தண்ணீர், மின்சாரம், பொறியாளர் கட்டணம் என்று 60,000 ரூபாய் வைத்துக்கொள்வோம். உங்கள் குடும்பத்துக்கு ஏற்ப இது கூடலாம், குறையலாம். மீதி 9 லட்சம். பதிவு பெற்ற ஒப்பந்ததாரரிடம் முழு வேலையையும் கொடுத்தால் இதிலேயே 18 சதவீத வரியும் அடக்கம். 9 லட்சத்தை 1.18-ஆல் வகுத்தால் 7.63 லட்சம். உங்கள் 12 லட்சத்தால் வாங்கக்கூடியது, வரியின்றிச் சொல்லப்படும் விலையில் ஏழரை லட்சத்துக்குச் சற்று மேலான வேலைதான். 11 லட்சத்துக்காரரும் கைக்கு எட்டுவார் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் கரைந்துவிடும். வருத்தமாக இருந்தாலும் வேலை தொடங்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

எனவே எதை விடுவது என்ற கேள்வி வருகிறது. கூரைப் பழுது, மாடி நீர்த்தடுப்பு, குளியலறைகள், குழாய், வயரிங் ஆகிய ஐந்தும் முதல் சுற்றில் முடிய வேண்டும். இவற்றில் எதைத் தள்ளிப்போட்டாலும் மேலே செய்த அழகு வேலை பாழாகும். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. பழுது பார்த்த கூரை மறுபடி விரிசல் விடுகிறதா என்பது இரண்டு மழைக்காலமாவது கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மாடுலர் கிச்சனைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கான மின் பாயிண்டையும் குழாயையும் இப்போதே போட்டுவிடுங்கள். மொசைக் தரை உடையாமல் இருந்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் மெஷின் பாலீஷ் போட்டு ஓர் அறையைப் பார்த்துவிடுங்கள். 1991-இன் நல்ல மொசைக் பல இடங்களில் இன்றைய டைல்ஸைவிட நீடிக்கிறது, செலவோ அதில் ஒரு பகுதிதான். பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டுவதானால் மட்டம் உயர்ந்து எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டியிருக்கும், குளியலறை வாசற்படியின் உயரமும் மாறும்; இந்த வரிகள் யாருடைய விலைப்பட்டியலிலும் இருக்காது.

ஒப்பந்தத்துக்கு வருவோம். லம்ப்சம் என்று மொத்தத் தொகை பேசுவதைவிட, உருப்படிக்கு விலை பேசி, முடிந்த அளவை இருவரும் சேர்ந்து அளந்து பணம் கொடுப்பது பழைய வீட்டுக்குப் பொருத்தமானது. உடைத்த பிறகு அளவு கூடினாலும் விலை ஏற்கெனவே பேசியதாக இருக்கும். டைல்ஸ், பீங்கான் சாமான், சுவிட்ச், பெயிண்ட் ஆகியவற்றை நீங்களே வாங்கலாம். தரம் உங்கள் கையில் இருக்கும். நீர்த்தடுப்பை மட்டும் அப்படிப் பிரிக்காதீர்கள். சரக்கு உங்களுடையது, கூலி அவருடையது என்றால், ஒழுகும்போது அவர் சரக்கைக் குற்றம் சொல்வார், கடைக்காரர் கூலியாளைக் குற்றம் சொல்வார். சரக்கும் வேலையும் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கட்டும். டைல்ஸ் ஒட்டும் முன் குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ‘டைல்ஸ் அடிப்படை விலை 45 ரூபாய்’ என்பது போன்ற வரிகளைக் கவனியுங்கள்: கடையில் உங்களுக்குப் பிடித்தது 80 ரூபாயாக இருந்தால், தரைக்கும் குளியலறைக்கும் சேதாரத்தோடு சேர்த்து 1,300 சதுர அடிக்கு அந்த வித்தியாசமே 45,500 ரூபாய். கூடுதல் வேலை எதுவானாலும், வாட்ஸ்ஆப் செய்தியாகவாவது அளவும் விலையும் எழுதி நீங்கள் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகே தொடங்க வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கடைசி ஐந்து சதவீதத்தையாவது ஒரு வடகிழக்குப் பருவமழை கடக்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

அந்த மூன்று பேரிடமும் இப்போதைக்கு எந்த முடிவும் சொல்லாதீர்கள். முதலில் ஒரு பொறியாளரையும் ஒரு கொத்தனாரையும் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, கூரையைத் தட்டிப் பார்த்து, மாடியில் ஓரடிக்கு ஓரடி இரண்டு இடங்களில் சுருக்கியைத் திறந்து, ஒரு குளியலறைச் சுவரில் குழாயைத் திறந்து பாருங்கள். இந்தச் செலவு உங்கள் மொத்தத் தொகையில் மிகச் சிறிய பங்கு. சந்தேக வரிகளில் பாதியை உறுதியான வரிகளாக மாற்றித் தருவது அதுதான். பிறகு அளவுப் பட்டியலை மூவருக்கும் கொடுத்துப் புதிய விலை கேளுங்கள். மாடி வேலையைப் புரட்டாசிக்குள் முடிக்கும்படி நாள் வகுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில் திறந்து கிடக்கும் தளம் உங்கள் மதிப்பீட்டில் இல்லாத செலவுகளைக் கொண்டுவரும். சுவரை எடுப்பதாகவோ பரப்பைக் கூட்டுவதாகவோ இருந்தால் உள்ளாட்சி அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 9 அங்குலச் சுவர்கள் உங்கள் கூரையைத் தாங்குபவையாக இருக்கக்கூடும்; அவற்றை எடுத்து ஹாலைப் பெரிதாக்கும் யோசனையை இந்தச் சுற்றில் கைவிடுங்கள்.

கடன் வாங்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பழுதுபார்ப்புக் கடனுக்கான வட்டியில், பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு, சொந்தக் குடியிருப்பானால் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு; வீடு வாங்கவோ கட்டவோ வாங்கிய கடனுக்குரிய 2 லட்சம் இதற்குப் பொருந்தாது. பழுதுபார்ப்புக் கடனின் அசலுக்குக் கழிவு கிடையாது. புதிய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு வட்டிக் கழிவும் இல்லை. ஆகவே வரிச் சலுகையைக் கணக்கில் வைத்துக் கடன் வாங்க வேண்டாம். வீடு இன்னும் தந்தையார் பெயரிலேயே இருக்கிறது என்கிறீர்கள். அவர் உயில் எழுதாமல் மறைந்திருந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் தாயாருக்கும் தங்கைக்கும் உங்களுக்குச் சமமான பங்கு உண்டு. வங்கி அந்த ஆவணங்களைக் கேட்கும். வங்கியை விட்டாலும், யார் எவ்வளவு போடுகிறார்கள் என்பதை அவர்களோடு பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கூரை, வயரிங், குளியலறை போன்ற நிலையான மேம்பாட்டுச் செலவுகளின் பில்களைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வீட்டை விற்றால் மூலதன ஆதாயக் கணக்கில் அவற்றைச் சேர்க்கலாம், பெயிண்ட் பில்லைச் சேர்க்க முடியாது.